கிணற்றுக்காரருக்கு முதலில் சொல்லுங்கள்

பொட்டாசியம் டைகுரோமேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கரைக்கிறீர்கள். 250 மில்லி கூம்புக் குடுவையில் ஊற்றுகிறீர்கள். வேப்பிலையையோ வேர்க்கடலைத் தோலையோ கருக்கிப் பொடித்து, அதில் ஒரு சிட்டிகை போட்டு ஷேக்கரில் வைக்கிறீர்கள். நேரம் போனதும் வடிகட்டி டைஃபினைல் கார்பசைடு சேர்த்தால், அடர்ந்த ஊதா வரவேண்டிய இடத்தில் வெளிறிய நீர்தான் நிற்கிறது. கருவியை 540 நானோமீட்டரில் வைத்துப் பார்த்தால் 99 சதவீதக் குரோமியம் நீங்கிவிட்டது. லாங்முயர் கோடு நேராக விழுகிறது, கட்டுரை தயார். முதல் வரியில் வேலூர் வட்டாரத் தோல் தொழிலால் பாலாறு கெட்ட கதை. கடைசி வரியில் இம்முறை மலிவானது, சூழலுக்கு உகந்தது என்ற சான்று.

இரண்டுக்கும் நடுவில் பாலாறு எங்கே இருந்தது?

சுற்றுச்சூழல் பொறியியலிலும் நீர் சுத்திகரிப்பிலும் முனைவர் பட்டம் செய்யும் தம்பி தங்கைகளே, அவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களே, இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் குடுவையில் கலக்கியது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். தோல் பதனிடப் போடும் பேசிக் குரோமியம் சல்ஃபேட்டில் இருப்பது ட்ரைவேலன்ட். இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. உங்கள் கரி நன்றாக வேலை செய்தது பிஎச் 2-ல். எந்த ஊர்க் கிணற்றில் பிஎச் 2 இருக்கிறது? தோல் கழிவுநீரில் பெரிய தலைவலி உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பில் பெரும்பகுதி முதல் கழுவல்களிலேயே தண்ணீருக்கு வந்துவிடும். அதோடு சல்ஃபைடு, கொழுப்பு, மயிர், புரதம். உங்கள் குடுவையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. குரோமியத்தைப் பிடித்துவைத்த அந்தக் கரியை எங்கே கொட்டினீர்கள் என்பதும் கட்டுரையில் இல்லை. லேபின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியலாம்.

ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்தான் வேண்டுமென்றால் அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் இறங்கி நிலத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே போய் நீர் எடுத்துவந்து உங்கள் கரியைச் சோதித்தீர்களா? சோதித்தபோது 99 சதவீதம் 40 சதவீதமாக இறங்கியிருந்தால் அந்த 40-ஐ எழுதினீர்களா?

இதையெல்லாம் சொல்ல நான் கணியம்பாடியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலைக்கும் நகரத்துக்கும் இடையில் இருக்கிறது இந்த ஒன்றியம். உலக மருத்துவ ஆய்வுலகில் கணியம்பாடி என்ற பெயர் தெரிந்தவர்கள் நிறையப் பேர். நம் பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அது பேருந்து நிறுத்தம் மட்டுமே.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் சமூக மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக இந்த ஒன்றியத்தின் கிராமங்களில் வேலை செய்துவருகிறது. ஊருக்கு ஊர் சுகாதாரப் பணியாளர் உண்டு. பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எல்லாம் வீடு வீடாகப் பதிவாகும். ஓர் இறப்பு நடந்தால் வீட்டாரிடம் உட்கார்ந்து, எப்படி, எதனால் என்று பேசிக் கேட்டுக் காரணத்தைத் தீர்மானிப்பார்கள். இப்படி 1994 முதல் 1999 வரை சேர்த்த பதிவுகளைக் கொண்டு இந்த ஒன்றியத்தின் தற்கொலை விகிதத்தைக் கணக்கிட்டு 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். அரசு சொல்லிவந்த தேசிய சராசரியைவிட அது பல மடங்கு அதிகம். காவல்நிலையப் பதிவேட்டை மட்டும் நம்பினால் உண்மை தெரியாது என்று உலகத்துக்குச் சொன்னது, சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் இந்த ஒன்றியம்தான்.

அந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டது விலையுயர்ந்த கருவி அல்ல. வருடக்கணக்கில் அதே வீட்டுக் கதவைத் தட்டும் பொறுமையும், வந்த எண் யாருக்குப் பிடிக்காவிட்டாலும் அதை மாற்றாமல் எழுதும் நேர்மையும்தான். மருத்துவர்களுக்கு இருந்த அந்தப் பழக்கம் தண்ணீர்ப் பொறியாளர்களுக்கு ஏன் வரவில்லை?

அதே ஒன்றியத்தின் வழியாக ஓடுகிறது நாகநதி. ஜவ்வாது மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வருவது. பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. 2014 வாக்கில் தொடங்கி, நூறு நாள் வேலைத் திட்டத்தில் வந்த ஆயிரக்கணக்கான பெண்கள், ஆற்றுப்படுகையிலும் ஓடைகளிலும் குழி தோண்டி சிமென்ட் உறைகளை இறக்கி, கூழாங்கல் நிரப்பி, மேலே கல் தடுப்புகள் கட்டி, மழைநீரை நிலத்துக்குள் அனுப்பினார்கள். வாழும் கலை அமைப்பு திட்டத்தை வழிநடத்தியது. 2021 செப்டம்பரில் பிரதமரின் மனதின் குரல் நிகழ்ச்சியில் இந்த ஆறு பேசப்பட்டது. தலைச்சுமையாக உறை தூக்கிய பெண்களின் படங்கள் நாடெங்கும் போயின.

இனி உங்கள் வேலை. அந்த உறைகிணறுகள் உண்மையில் எத்தனை அடி நீரை ஏற்றின? நல்ல மழை பெய்த ஆண்டுகளின் பங்கைக் கழித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு? எத்தனை வருடத்தில் சேறு அடைத்துக்கொள்கிறது? இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. மண்ணில் மெதுவாக இறங்கும் நீரை மண் வடிகட்டுகிறது. உறையில் விழும் நீருக்கு அந்த வடிகட்டல் குறைவு. மேலே ஓடையில் சாக்கடை கலந்தால், அந்தக் கிருமிகள் பக்கத்துக் குடிநீர்க் கிணற்றுக்கு எத்தனை நாளில் போகும்? எந்த ஊரில் உறைகிணற்றுக்கும் குடிநீர் போர்வெல்லுக்கும் இடைவெளி போதவில்லை? இதற்குப் பதில் தெரிந்தால், அடுத்த நூறு உறையை எங்கே இறக்கலாம், எங்கே கூடாது என்று ஊராட்சித் தலைவருக்குச் சொல்லலாம். ஐந்து முனைவர் பட்டங்களுக்கு வேண்டிய சரக்கு அந்த ஆற்றில் கிடக்கிறது. கல்லூரி வாசலிலிருந்து ஆட்டோ பிடித்துப் போகும் தூரம்.

"காலேஜ் பசங்க வந்து பாட்டில்ல தண்ணி புடிச்சிட்டுப் போவாங்க. என்னா ஏதுன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்ல." இந்தப் பக்கத்து ஊர்களில் கொஞ்ச நேரம் பேசினால் காதில் விழும் குறை இது. என் கணக்கில் நம் நீர் ஆய்வின் மிகப்பெரிய குற்றம் இதுதான். போலித் தரவு அடுத்தது. அப்படிக் குறைசொல்லும் ஓர் அம்மாவின் போர்த் தண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், பால் பவுடர் கலக்க அந்தத் தண்ணீரை எடுக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியவேண்டாமா? புளூரைடு ஒன்றரைக்கு மேல் இருந்தால் அவர் பேரனின் பல் என்னாகும் என்று யார் சொல்வது? நீங்கள் சொல்லவில்லை. ஸ்காட்லாந்திலோ சீனாவிலோ இருக்கும் ஒரு மதிப்பாய்வாளருக்கு, "சாம்பிள் எஸ்-14" என்ற பெயரில் சொன்னீர்கள்.

ஏன் இப்படி ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசை 2016-ல் வெளிவரத் தொடங்கியதிலிருந்து கட்டுரை எண்ணிக்கைக்குக் கல்லூரிகளில் தனி மவுசு. ஒரு கட்டுரைக்கு இவ்வளவு ஊக்கத்தொகை என்று சுற்றறிக்கை வரும் இடங்கள் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற விதியை யுஜிசி 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. விதி போனது, பழக்கம் போகவில்லை. பணம் கட்டினால் பெயர் சேர்க்கும் கடைகள் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்புகின்றன. முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, மூன்றாம் இடத்துக்கு ஒரு விலை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட பட்டியலில், ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை செய்வதாகக் காட்டியது அம்பலமானது. 224 கல்லூரிகள், 353 பேர். ஆளே இல்லாத நாற்காலியைக் காட்டி அங்கீகாரம் வாங்கும் அமைப்புக்குள், இல்லாத தரவைக் காட்டிப் பட்டம் வாங்குவது ஒன்றும் அதிசயமில்லை.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. நெட் தேறி ஜேஆர்எஃப் கிடைத்தவருக்கு மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல் தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, இரவில் லேபில் வேலை செய்பவர்கள்தான் அதிகம். கையெழுத்துக்காக வழிகாட்டியின் வீட்டு மின்கட்டணம் கட்டப் போனவர்கள் இருக்கிறார்கள். வயது முப்பதைத் தாண்டுகிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு. இவர்களிடம் போய் "நேர்மையாக இரு" என்று மேடையில் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போவது சுலபம். ஆகவே பேராசிரியர்களே, முதல் சொல் உங்களுக்குத்தான். லேபுக்குள் ஒருமுறைகூட வராமல், கட்டுரையில் உங்கள் பெயரைப் போடச் சொல்லாதீர்கள். மாணவர் "சார், அசல் கழிவுநீரில் வேலை செய்யவில்லை" என்று வந்து நின்றால் முகம் சுளிக்காதீர்கள். அந்த ஒரு முகச்சுளிப்பில்தான் அடுத்த நாள் எண் மாறுகிறது.

இந்தத் துறையிலேயே இந்த நெருக்கடியை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ், குழாய் அரிப்பை ஆராயும் பொறியாளர். 2000-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரக் குடிநீரில் ஈயம் ஏறியதைச் சொன்னார். அரசு அமைப்புகள் மறுத்தன, நிதி நின்றது. சொந்தப் பணத்தைப் போட்டு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார். 2014 ஏப்ரலில் அதே நாட்டின் ஃபிளிண்ட் நகரம் செலவைக் குறைக்கத் தன் நீராதாரத்தை மாற்றியது. குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்கவேண்டிய பாஸ்பேட்டைச் சேர்க்காமல் விட்டார்கள். குழாயிலிருந்து ஈயம் நீரில் கரைந்து வந்தது. ஒரு தாய் தன் வீட்டுக் குழாய்நீரோடு உதவி கேட்டபோது, எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர்களும் சோதனைப் பாட்டில்களை நகர மக்களுக்கே அனுப்பி, நீர் பிடித்து அனுப்பச் சொல்லி, முடிவுகளை அந்த மக்களிடமே முதலில் சொன்னார்கள். இதழ்க் கட்டுரைகள் பிறகுதான் வந்தன. அந்தக் குழுவில் இந்தியாவிலிருந்து போன ஆய்வு மாணவர் சித்தார்த்தா ராயும் இருந்தார். இருவரும் சேர்ந்து 2017-ல் எழுதிய கட்டுரை, எண்ணிக்கைக்குப் பரிசு கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் நேர்மையான ஆய்வாளரை வெளியே தள்ளி மற்றவரை உள்ளே வைத்துக்கொள்ளும் என்று எச்சரிக்கிறது. அது வெளிவந்த இதழ் சுற்றுச்சூழல் பொறியியலுக்கானதே. நம் ஆய்வுக்கூடங்களில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் படிக்கவேண்டியது.

நம் நாட்டிலும் ஜி.டி. அகர்வால் இருந்தார். கான்பூர் ஐஐடியில் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலர். பிற்காலத்தில் துறவு பூண்டு, கங்கைக்காக 2018 ஜூனில் உண்ணாவிரதம் தொடங்கி, 111 நாட்களுக்குப் பின் அக்டோபர் 11-ல் உயிர்விட்டார். அவர் வழியில் போய் யாரும் உயிரை விடவேண்டாம். எனக்கு அதில் உடன்பாடும் இல்லை. ஆனால் ஒரு பொறியாளர் தன் படிப்பை ஆற்றிலிருந்து பிரித்துப் பார்க்க மறுத்தார் என்பது நினைவில் இருக்கட்டும். கட்டுரையும் வேண்டும், களமும் வேண்டும் என்பவர்கள் சென்னை ஐஐடியின் தலப்பில் பிரதீப்பைப் பாருங்கள். நானோ துகள்களைக் கொண்டு பூச்சிமருந்தையும் ஆர்சனிக்கையும் நீரிலிருந்து நீக்கும் வழியை ஆய்வகத்தில் கண்டவர், அதை வீட்டு வடிகட்டி வரைக்கும், ஆர்சனிக் பாதித்த ஊர்கள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். பரிசுகள் அதன் பின்னால் வந்தன.

உங்கள் எண்களுக்கு என்ன எடை என்று தெரியாமல்தான் பலர் அவற்றோடு விளையாடுகிறீர்கள். வேலூர் மக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு சொன்னது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை எடுக்கவேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்திய சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. எதை வைத்துச் சொன்னது? வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர் செய்ய முடியாமல் போனது என்று கணக்கெடுத்திருந்தது. திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்து, 350 கெட்டுவிட்டன என்று சொல்லியிருந்தது. நாக்பூர் நீரி நிறுவனத்தின் அறிக்கைகள் இருந்தன. மண்ணையும் கிணற்றையும் நேரில் போய்ப் பார்த்தவர்கள் எழுதிய எண்கள் அவை. அதில் யாராவது ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எண் போட்டிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வைத்தே எல்லாவற்றையும் கவிழ்க்கப் பார்த்திருப்பார்.

தீர்ப்போடு முடிந்ததா? 2025 ஜனவரி 30-ல் அதே உச்ச நீதிமன்றம் அதே வேலூர்ப் பகுதிக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் வேலூர் மூன்று மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. பாலாற்றங்கரை நகரங்களுக்கு மேட்டூரிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்து ஊற்றுகிறோம். சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, ஆர்ஓ வந்தது, ஆவியாக்கிகள் வந்தன. அவற்றின் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்று தெரியாமல் கொட்டகைகளில் குவித்து வைத்திருக்கிறார்கள். இந்த உப்புக்கு வழி சொல்லும் ஆய்வு உங்கள் துறையில் எத்தனை, வேப்பிலைக் கரி எத்தனை?

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முனைவர் பட்டம் முடிந்ததும் உங்களைத் தேடி ஆலோசனை வேலைகள் வரும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் சான்று, கசடுத் தொட்டியின் உறுதிச் சான்று. "சார், ஃபார்மாலிட்டிதான்" என்று காகிதத்தை நீட்டுவார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் பிழைக்க வந்த வெளிமாநிலத்தவர். இந்தத் துறையின் கையெழுத்துகளுக்கு அடியில் மனிதர்கள் தூங்குகிறார்கள். போய்ப் பார்க்காத தொட்டிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் போனால் போகட்டும்.

இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள், அடுத்த மானியத்துக்குக் காத்திருக்கவேண்டாம். உங்கள் கரியோ சவ்வோ எதுவானாலும், காய்ச்சி வடித்த நீரில் செய்த சோதனையோடு ஆய்வை முடிக்காதீர்கள். அசல் கழிவுநீரில், அசல் போர்த் தண்ணீரில் செய்த பிறகு வந்ததை, குறைந்தாலும், எழுதுங்கள். ஒரு கிராம மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பாருங்கள். டேங்க் ஆபரேட்டர் பக்கெட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவார். வாய் கட்டாமல் மூலையில் கிடக்கும் மூட்டையில் குளோரின் வீரியம் எவ்வளவு மிச்சம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கடைசித் தெருக் குழாயில் 0.2 பிபிஎம் குளோரின் வருகிறதா என்று பார்க்கக் குளோராஸ்கோப்பில் சில சொட்டு போதும், மஞ்சள் ஏறுவது கண்ணுக்கே தெரியும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச்சோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. அவர்களைக் கண்டுபிடியுங்கள், சேர்ந்து வேலை செய்யுங்கள். வருடம் முழுவதும் அவர்கள் எடுக்கும் எண், நீங்கள் ஒரு மார்ச் மாத மதியத்தில் வந்து பிடித்துப்போகும் பாட்டிலைவிட நம்பத்தக்கது. கட்டுரையில் அவர்கள் பெயரையும் சேருங்கள். லேபுக்கே வராதவர் பெயருக்கு இடம் இருக்கும்போது, தண்ணீர் எடுத்தவருக்கு இல்லாமலா போகும்?

அடுத்த முறை கணியம்பாடிப் பக்கம் நீர் எடுக்கப் போகும்போது, பாட்டில் லேபிளில் சாம்பிள் எண்ணுக்குக் கீழே கிணற்றுக்காரரின் கைபேசி எண்ணையும் அவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். முடிவு வந்த அன்றே அவருக்குத் தமிழில் சொல்லுங்கள், குடிக்கலாமா கூடாதா, கூடாதென்றால் என்ன செய்யலாம் என்று. இதழுக்கு அனுப்புவது அதற்குப் பிறகு.